பிள்ளைகளை எழுப்பி நிறுத்துங்க: கொங்கு நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோருக்கும், தலைமையாசிரியர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும்,

வணக்கமுங்க.

நான் சென்னிமலைப் பக்கம். பாட்டு டீச்சர். முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாதியைத் தப்பாகச் செய்தேன். அந்தத் தப்பு உங்கள் பள்ளியில் நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். மேலே எழுதிப் போட்டால் பதில் வர எத்தனை நாளாகுமோ. உங்கள் கூட்டம் ஊருக்குள்ளேயே நடக்கிறது, பெஞ்சில் உட்கார்ந்திருப்பது பிள்ளையைப் பெற்றவர்கள், தீர்மான நோட்டு மேசை மேலேயே இருக்கிறது.

கேட்பது பெரிய சங்கதி இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு பாடவேளை, நாற்பது நாற்பது நிமிசம், பிள்ளைகள் எழுந்து நின்று, நடந்து, குதித்து, கை கோத்துப் பாட்டுப் படிக்க விடுங்கள். ஆர்மோனியம் வாங்க வேண்டாம். ஸ்பீக்கர் வேண்டாம். முதல் வருசம் மேடையும் வேண்டாம்.

சோமனூர்ப் பக்கம் ஓர் ஊரில் சனி ஞாயிறு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். எட்டு வயசுப் பையன் ஒருவன் வருவான். குரல் கணீரென்று இருக்கும். ஆதி தாளம் போடச் சொன்னால் மட்டும் தொலைந்தான். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டே எண்ணிக்கைதான். இவன் மோதிர விரலிலேயே நின்றுவிடுவான், இல்லையென்றால் கடைசி வீச்சை விழுங்கிவிட்டு அடுத்த ஆவர்த்தனத்துக்கு, அதாவது அடுத்த சுற்றுக்கு, ஓடிவிடுவான். என் நோட்டில் அவன் பேருக்கு நேராக 'தாளம் வராது' என்று எழுதியே வைத்திருந்தேன்.

ஒருநாள் பீஸ் விசயமாக அவன் வீட்டுக்குப் போனேன். வீட்டை ஒட்டித் தறிக்குடோன். நாலு தறி ஓடிக்கொண்டிருந்தது. தறிக்காரர்களுக்குத் தெரியும், நாலு தறியும் ஒரே வேகத்தில் ஓடாது, ஒன்றுக்கொன்று சித்தெ முன்னே பின்னே இருக்கும். வெளியாளுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் பையன் கடைசித் தறியில் நின்ற அம்மாவுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுபோகிறான். முதல் தறியைத் தாண்டும்வரை அந்தத் தறியின் அடிக்கு ஒரு எட்டு வைக்கிறான். இரண்டாவது தறிப் பக்கம் போனதும் கால் தானாக அந்தத் தறியின் வேகத்துக்கு மாறுகிறது. மூன்றாவதில் திரும்பவும் மாறுகிறது. சொம்பில் தண்ணீர் தளும்பக்கூட இல்லை. நான் வாசப்படியில் நின்று பார்த்துவிட்டு, பீஸைப் பற்றிப் பேசாமலேயே திரும்பி வந்தேன்.

நாலு தாளத்தைக் காலால் பிரித்து எடுக்கிற பிள்ளையைப் பற்றித்தான் 'தாளம் வராது' என்று எழுதியிருக்கிறேன். அவன் இன்றைக்குத் தறி மெக்கானிக். சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் கோளாறு என்று சொல்வானாம். விரலில் ஆதி தாளம் இப்போதும் போடமாட்டான்.

இதே மாதிரி ஒன்று எனக்கு நூறு வருசத்துக்கு முன்னாடியே சுவிட்சர்லாந்தில் ஒருவருக்கு நடந்திருக்கிறது என்று பிறகு படித்தேன். எமீல் ஜாக் தால்குரோஸ் என்று பேர். 1892-லிருந்து ஜெனீவா இசைக் கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர். அவரிடம் படித்த மாணவர்கள் தாளில் எழுதிய இசையைச் சரியாகக் கணக்குப் போடுவார்கள், அது காதில் எப்படி ஒலிக்கும் என்று கேட்டால் முழிப்பார்கள். வாசிக்கும்போது தாளம் தப்புகிற பையன் தெருவில் நடக்கும்போது சீராக நடக்கிறான் என்பதைக் கவனித்தார். அப்புறம் வகுப்பிலிருந்து நாற்காலிகளை எடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, தான் பியானோ வாசிக்க மாணவர்களை நடக்கவிட்டார். அந்தக் காலத்தில் அவரை நிறையப் பேர் ஏசியிருக்கிறார்கள். வாத்தியாரென்றால் ஏச்சு எங்கேயும் உண்டு போலிருக்கிறது.

இதற்கு ஆராய்ச்சிச் சான்றும் இருக்கிறது. 2005-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏழு மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எந்த இடத்திலும் அழுத்தமில்லாத ஒரு தாளத்தை ஓடவிட்டு, சில குழந்தைகளை இரண்டுக்கு ஒரு தரமும், சில குழந்தைகளை மூன்றுக்கு ஒரு தரமும் தூக்கித் தூக்கி ஆட்டினார்கள். பிறகு இரண்டு வகைத் தாளத்தையும் போட்டுக் காட்டினால், தான் எதற்கு ஆட்டப்பட்டதோ அதைத்தான் குழந்தை அதிக நேரம் கேட்கிறது. வேறொருவர் ஆடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை. நம் ஊர் அம்மிச்சிகள் திண்ணையில் காலை நீட்டி, பிள்ளையைக் கால்மேல் போட்டு ஆட்டிக்கொண்டே பாடியதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை. உடம்பு அசைந்தால்தான் காது திறக்கிறது. ஏழு மாதத்தில் அப்படி இருக்கிற பிள்ளையை ஆறு வயசில் பாய் விரித்துச் சம்மணம் போட வைத்து, "ஆடாம உக்காரு கண்ணு" என்கிறோம்.

நானே சொல்லியிருக்கிறேன். அந்தத் தறிக்குடோனுக்கு முன்னாலான வருசங்களில் ஒரு சின்னப் பொண்ணு. பாட ஆரம்பித்தால் இடுப்புக்கு மேலே தென்னங்கீற்று மாதிரி ஆடும். முழங்காலில் தட்டித் தட்டி ஆட்டத்தை நிறுத்தினேன். ஆட்டம் நின்றது, அடுத்த மாதம் பிள்ளையும் நின்றுவிட்டது. காய்ச்சல் என்றார்கள். இருபது வருசம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத்தான் பாட்டே வராதுங்களே டீச்சர்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குச் சீரணமாகவில்லை.

வெளிநாட்டுக்காரர் பேரைச் சொன்னதும், "இதெல்லாம் நமக்கெதுக்குங்க" என்று யாராவது சொல்வீர்கள். ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகிற வழியில் அறச்சலூர் இருக்கிறது. அங்கே நாகமலைக் குகையில் ஒரு கல்வெட்டு, தமிழ்ப் பிராமி என்கிற பழைய எழுத்து, கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. புலவர் செ. இராசு வெளிக்கொண்டு வந்தது. ஐந்துக்கு ஐந்து கட்டமாக த, தை, தா, தே என்ற எழுத்துகளை அடுக்கியிருக்கிறார்கள். முதல் வரி 'த தை தா தை த'. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படிப் படித்தாலும் அதே வரிதான். ஆடலுக்கான சொற்கட்டு என்பது அறிஞர்கள் கருத்து. இந்த எழுத்துகளைச் சேர்த்தவன் தன் பேரையும் பக்கத்தில் வெட்டி வைத்திருக்கிறான்: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் மணியையும் பொன்னையும் சோதித்துத் தரம் சொல்கிறவன். காங்கேயத்துப் பக்கம் இன்றைக்கும் கல் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்தத் தொழில்காரன். பாட்டு வாத்தியார் என்று அவன் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கட்டத்தை நான் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் போடுகிறேன். பிள்ளைகளுக்கு அது பாண்டிக் கட்டம். 'த' என்றால் ஒற்றைக் கால், 'தை' என்றால் இரண்டு கால், 'தா' என்றால் கைத்தட்டு, 'தே' என்றால் ஒரு சுற்று. எது எதற்கு என்று அவர்களே முடிவு செய்வார்கள், வாரா வாரம் மாற்றவும் செய்வார்கள். வேடிக்கை என்னவென்றால், நாலு மூலையில் நாலு பிள்ளைகளை நிறுத்தி ஒரே நேரத்தில் ஓரமாகக் கிளப்பிவிட்டால், நாலு பேரும் வேறு வேறு திசையில் போவார்கள், நாலு வாயிலும் ஒரே சொல்தான் வரும். இதை முதல் தரம் கண்டுபிடித்தபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட கூச்சல் பக்கத்து அரிசி ஆலை வரைக்கும் கேட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை, இடையர் பெண்கள் கை கோத்து ஆடுகிற ஆட்டம். மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பேரை வைக்கிறாள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். நண்டுப் பிடி மாதிரி விரலைக் கோத்துக்கொண்டு, கற்கடகக்கை என்று அதற்குப் பேர், ஆடிப் பாடுகிறார்கள். முல்லைத் தீம்பாணி பாடுவோம் என்கிறாள் ஒருத்தி. சுரம் என்பது நோட்டில் எழுதுகிற எழுத்தாக இல்லாமல், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற ஆளாக இருந்திருக்கிறது. அந்த நூலுக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் விஜயமங்கலத்துப் பக்கம் நிரம்பை ஊர்க்காரர் என்று சொல்வார்கள். ஆக உரையும் நம் வீட்டுச் சரக்குதான்.

இதை வகுப்பில் நான் செய்கிற விதம் ரொம்ப எளிது. ஐந்து பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஸ, ரி, க, ப, த. ஆளுக்கு ஒரு சுரம், அதை மறக்கக்கூடாது. ஆறாவது பிள்ளை ஒவ்வொருவர் தலையிலும் மெல்லத் தொட்டால் அவர்கள் பாட வேண்டும். தொடுகிற பிள்ளை அந்த நிமிசம் பாட்டுக் கட்டுகிறது. ஒரே தலையை நாலு தரம் தட்டும், ஓடிப்போய் அந்தக் கடைசித் தலையைத் தொடும், திரும்பி வரும். "பிள்ளை ஆர்மோனியம்" என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேர் வைத்ததும் அவர்கள்தான்.

ஏன் ஐந்து சுரம் என்று சங்கீதம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். அது மோகன ராகம். பழைய முல்லைப்பண் இதுதான் என்று இசை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதில் அரைச் சுர இடைவெளி எங்கேயும் கிடையாது, அதனால் எந்தச் சுரத்தோடு எந்தச் சுரம் சேர்ந்து ஒலித்தாலும் காதில் இடிக்காது. சின்னப் பிள்ளை தப்பே செய்ய முடியாத ராகம். ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப் என்பவர் 1924-லிருந்து மியூனிக்கில் ஆட்டத்தையும் இசையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் வேலை செய்தார். அங்கே உருவான முறையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சைலஃபோனில் மரக்கட்டைகளைக் கழற்றி மாட்டலாம். இரண்டு கட்டைகளைக் கழற்றிவிட்டு ஐந்தை மட்டும் விட்டு வைப்பார்கள். மிச்சம் நிற்பது நம் மோகனம்தான். அந்த வாத்தியம் விலை அதிகம், சில தனியார் பள்ளிகள் வாங்கி வைத்துப் புத்தகத்தில் படம் போட்டு அட்மிசன் பிடிக்கின்றன. நீங்கள் அந்த வழிக்குப் போகவே வேண்டாம். தலையைத் தொட்டால் பாடுகிற பிள்ளைகள் உங்களிடம் சும்மாவே இருக்கிறார்கள்.

பாட்டுப் படிக்கிறவர்களுக்கு முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கி வைத்த புரந்தரதாசரை நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் படித்தேன். பத்து வயசுக்கு மேல் அது அருமையான வழி. ஆனால் ஸ-வுக்கும் அந்தச் சின்ன ரி-க்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள் ஆறு வயசுக் குரலை நுழைக்கச் சொல்வது, பால் பல் விழாத பிள்ளைக்குக் கரும்பைக் கொடுப்பது மாதிரி. சித்தெ பொறுக்கலாம்.

தாளத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ஆசை அதிகம். எண்ணெய் டின் ஒன்றும் குச்சி ஒன்றும் போதும். நான் தட்டத் தட்டப் பிள்ளைகள் நடக்க வேண்டும், நிறுத்தினால் சிலை. அசைந்தவர் டின் தட்ட வருவார். அதனால் தோற்பதற்கே போட்டி. ஒரு தட்டுக்கு ஓர் எட்டு என்றால் ஆள் நடை. இரண்டு தட்டுக்கு ஓர் எட்டு ஆனை நடை. ஒரு தட்டுக்குள் இரண்டு எட்டு எலி ஓட்டம். கொஞ்ச நாள் போனால் டின் ஒரே வேகத்தில் ஓட, "ஆனை!" "எலி!" என்று கூப்பிட்டால் போதும், கால் மாறும். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தை இரட்டித்து இரட்டித்துப் பெரிய வகுப்பில் மூன்று வருசம் போராடுகிற சங்கதி இது.

அதற்குப் பிறகு ஊர்ப் பெயர்கள். பழனி என்றால் மூன்று மாத்திரை, 'தகிட'. தாளக்காரர்கள் இதைத் திசிரம் என்பார்கள். கொடுமுடி நாலு, 'தகதிமி'. சதுசிரம். ஈரோடு ஐந்து. கண்டம். (கடைசி 'டு' குற்றியலுகரம், அரை மாத்திரைதான் என்று தமிழாசிரியர்கள் கையைத் தூக்குவார்கள். இலக்கணத்தில் அரை, பாட்டில் முழுசாகவே நிற்கும்.) பழனியையும் கொடுமுடியையும் சேர்த்தால் ஏழு, 'தகிட தகதிமி', மிசிரம். பங்குனியில் கொடுமுடிக் காவிரியில் தீர்த்தம் எடுத்துப் பழனிக்குக் காவடி கட்டி நடக்கிற ஊர்களில் இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், பிள்ளைகள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தானாக நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்பதுக்குக் 'கொடுமுடி ஈரோடு' என்று நான் வைத்திருந்தேன். ஒரு நாலாம் வகுப்பு வால் எழுந்து, பஸ் கண்டக்டர் மாதிரி ஒரு கையை மேலே பிடித்துக்கொண்டு, "கொடுமுடி டூ பழனி! கொடுமுடி டூ பழனி!" என்று கத்தினான். எண்ணிப் பார்த்தேன். நாலு, இரண்டு, மூன்று. ஒன்பது. சங்கீர்ணம்! மிருதங்கக்காரர்களே யோசித்துப் போடுகிற தாளத்தில் வகுப்பு முழுக்க பஸ் ஏறிவிட்டது. அன்றைக்கு அவன் செய்ததை ராவுடி என்று சொல்லி உட்கார வைத்திருந்தால் எனக்கு அந்தப் பாடம் கிடைத்திருக்காது.

திருப்பூர்ப் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. உங்கள் வகுப்புகளில் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா அம்மா பனியன் கம்பெனியில் வேலை. அப்படி ஒரு பொண்ணு, ஏழு வயசு, ஒடியா மட்டும் பேசும், இரண்டு மாதம் கடைசிப் பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கட்டிங் வேஸ்ட் மூட்டை ஒன்றை வாங்கி, நீளத் துணிகளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தேன். நான் நீட்டிப் பாடினால் துணி காற்றில் மிதக்க வேண்டும், வெட்டிப் பாடினால் சுண்ட வேண்டும். கார்வை, அதாவது சுரத்தை நீட்டிப் பிடிப்பது, என்றால் என்ன என்று கண்ணால் காட்டுகிற விளையாட்டு. அந்தப் பொண்ணு எழுந்து வந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்தது. என் மூச்சு முடிந்தும் அவள் துணி இறங்கவில்லை. இன்னும் பாடு என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அடுத்த வாரம் அவளே இரண்டு பிள்ளைகளைப் பிடித்து, உள்ளங்கை, புறங்கை, தொடை என்று அவள் ஊர்க் கைத்தட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள். அதற்குப் பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. அப்புறம்தான் தமிழ் வந்தது, முதலில் வந்த சொல் "எனக்கு".

இப்போது உங்கள் கேள்விகள். சத்தம். ஆமாம், சத்தம் வரும். பக்கத்து வகுப்பில் கணக்கு நடக்கும்போது மரத்தடிக்குப் போங்கள். வேம்போ புங்கமோ நம் பள்ளிகளில் பெரும்பாலும் இருக்கிறது.

ஆள் எங்கே? 2012-ல் அரசு பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோதும் அது ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்குத்தான், உங்கள் தொடக்க வகுப்புகளுக்கு இல்லை. ஆனால் 2022-ல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு உங்கள் ஆசிரியர்கள் பாட்டும் ஆட்டமுமாகத்தான் பாடம் நடத்துகிறார்கள். அவர்களுக்குக் கூச்சம் போய்விட்டது. குறை ஒன்றுதான்: அங்கே பாட்டு எழுத்துக்கும் எண்ணுக்கும் கூலி வேலை செய்கிறது. 'அ'வைப் பிடித்ததும் பாட்டை விட்டுவிடுகிறோம். வாரத்தில் எண்பது நிமிசமாவது பாட்டு தனக்காக இருக்கட்டும் என்கிறேன்.

மீதி ஆள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார். ஒயில் கும்மி, வள்ளிக் கும்மி சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கள் இன்றைக்கு நம் பக்கம் நிறைய. 2024-ல் மேட்டுப்பாளையத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், பேப்பரில் எல்லாரும் பார்த்தோம், பெருமைப்பட்டோம். அந்தப் பெருமை பள்ளிக்கூட வாசலைத் தாண்டவில்லை. மாதத்துக்கு இரண்டு தரம் ஒரு கும்மி வாத்தியாரைக் கூப்பிட்டு, கையில் மரியாதையாக ஒரு தொகை கொடுத்து, பிள்ளைகளோடு ஆட விடுங்கள். ஹங்கேரியில் கோடாய் என்ற இசைக்காரர், பிள்ளைக்கு முதல் பாட்டு அதன் தாய்மொழி நாட்டுப் பாட்டாக இருக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 1950-ல் அவர் பிறந்த கெச்கமேட் ஊரில் அதற்கென்றே ஒரு பாட்டுத் தொடக்கப்பள்ளி திறந்தார்கள். நமக்கு நாட்டுப்பாட்டைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. பூப்பறிக்கிற நோம்பிக்கு ஆவாரம்பூப் பறிக்கப் போய்க் கும்மியடித்த பொம்பளைகள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள். ஓர் ஆத்தாவைக் கூட்டி வந்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். ஐந்து நிமிசத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

தப்பட்டை அடிக்கிற கலைஞரையும் கூப்பிடுங்கள். ஒரு பள்ளியில் நான் கூப்பிட்டபோது, "பள்ளிக்கூடத்துல எதுக்குங்க எழவு மேளம்?" என்று ஒரு அப்பா கேட்டார். அந்த ஊர் மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டு ராத்திரி ராத்திரியாக ஆடும்போது எந்த மேளம் அடிக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டேன். பதில் சொல்லாமல் போய்விட்டார், மகனை மட்டும் வகுப்புக்கு அனுப்பினார். அந்தக் கலைஞர் தோலைக் காய்ச்சி ஒரு தட்டுத் தட்டியபோது முன்வரிசைப் பிள்ளைகள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். "இங்க அடிக்குதுங்க சார்" என்றான் ஒருவன். தாளம் எங்கே விழுகிறது என்பதற்கு அதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியாது.

கை கோக்கிற விசயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். வட்டத்தில் யார் கையை யார் பிடிப்பது என்று பெரியவர்கள் யாரும் வந்து சொல்லக்கூடாது. எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறது, பையன் பக்கத்தில் பொண்ணு நிற்கலாமா என்ற பேச்சு வந்தால் அந்த வகுப்பை நான் எடுக்கமாட்டேன். ஒட்டுக்கா நின்றால்தான் கும்மி. விட்டுவிட்டு நின்றால் அதற்குப் பேர் அசெம்பிளி.

மேடை வேண்டாம் என்றேன். அதுதான் உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். ஒரு தனியார் பள்ளியில், பேர் வேண்டாம், இரண்டு வருசம் வேலை பார்த்தேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பாட்டு வகுப்பு என்பது ஆண்டு விழா ரிகர்சல்தான். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு, வெளியிலிருந்து வந்த மாஸ்டர் முன்னால் நின்று கையைத் தூக்குவார், நாற்பது பிள்ளைகள் அவரைப் பார்த்துக் கையைத் தூக்குவார்கள். ஒருநாள் நடுவில் கரண்ட் போனது. பாட்டு நின்றதும் ஒரு பிள்ளைக்குக்கூட அடுத்த எட்டு எடுத்து வைக்கத் தெரியவில்லை. மூன்று மாதமாக அவர்கள் பாட்டைக் கேட்கவே இல்லை, மாஸ்டரின் கையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விழாவில் வாய் திறக்காத பிள்ளைகளைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். என் வகுப்புச் சத்தம் அதிகம் என்று அடுத்த ஏப்ரலில் என்னையும் தள்ளிவிட்டார்கள், அது வேறு கதை.

மேடை என்று வந்தால் நன்றாக ஆடுகிற பத்துப் பேரைப் பொறுக்குவோம். பொறுக்க ஆரம்பித்த அன்றைக்கே மிச்சம் இருபது பேருக்குப் பாட்டு வராது என்று ஆகிவிடும். முதல் வருசம் விடுங்கள். இரண்டாம் வருசம் பிள்ளைகளே தங்கள் ஆட்டத்தைக் கட்டட்டும். அப்போதும் பெற்றோர் நாற்காலியில் உட்காராமல் மைதானத்தில் வட்டத்துக்குள் வந்து நிற்கிற மாதிரி வையுங்கள்.

ஆக, தீர்மான நோட்டில் எழுத வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கால அட்டவணையில் வாரம் இரண்டு பாடவேளை, அதைப் பரீட்சை நேரத்தில் வேறு பாடத்துக்கு எடுக்கக்கூடாது என்ற ஒரு வரியும் சேர்த்து. வகுப்பறையில் நடக்கிற அளவுக்கு இடம், இல்லாவிட்டால் மரத்தடி. கும்மிக்கும் தப்பட்டைக்கும் ஊர்க் கலைஞருக்கு மதிப்பூதியம், தொகையை நீங்களே முடிவு செய்யுங்கள், ஆனால் ஒவ்வொரு தரமும் கையோடு கொடுங்கள், அலைய விடாதீர்கள். பாட்டுக்கு மார்க் கிடையாது.

என்னிடம் ஒரு எண்ணெய் டின், ஒரு சாக்குக் கொட்டாங்குச்சி, ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட், அறச்சலூர்க் கட்டம் போடச் சுண்ணாம்பு இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பஸ் போகிற எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் ஒருநாள் வந்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து, இல்லை, நின்று, செய்து காட்டுகிறேன். கூட்டத்தன்றே வரச்சொன்னால் பெஞ்சுகளை முன்னாடியே ஓரமாக நகர்த்தி வைத்துவிடுங்கள். தலைவர் அம்மா உட்பட எல்லாரும் சித்தெ நேரம் எலி ஓட்டம் ஓட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
சென்னிமலைப் பக்கத்து ஒரு பாட்டு டீச்சர்